பாதசாரி இல்லாத வளாகம்

அமலராணியை அன்று காலை லாரி இடிக்கவில்லை, தொட்டது. இடிப்பதற்கும் தொடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிற்பாடு பாதுகாப்புப் பிரிவு பன்னிரண்டு பக்கங்களில் விளக்கியது. அந்த விளக்கம் அப்போது கைவசம் இல்லாததால், அவள் கையிலிருந்த எடைச்சீட்டுகளை வீசிவிட்டு, "மாதாவே!" என்று அலறிக்கொண்டு நான்காம் கிடங்கின் படிக்கட்டில் போய் விழுந்தாள். பின்னோக்கி வந்த லாரி அவள் நின்றிருந்த இடத்தைத் தாண்டி இன்னும் ஆறடி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கவில்லை. பின்னால் ஒரு பெண் இருந்ததே அவருக்குத் தெரியாது.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிற நான்குவழிச்சாலையை ஒட்டி, சின்னாளப்பட்டிக்குச் சற்று முன்னால் இருக்கிறது திருமுடி சரக்குப் பூங்கா. பூங்கா என்பது சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகம் வைத்த பெயர். செடி என்று பார்த்தால் எடைமேடைக்குப் பின்னால் தானாக முளைத்த ஆமணக்கு ஒன்றுதான். பதினொரு கிடங்குகள், அவற்றின் நடுவே கான்கிரீட் தளம். பஞ்சு, மாட்டுத்தீவனம், சிமெண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் ஒரு லாரியில் வந்து இறங்கி இன்னொரு லாரியில் ஏறிப் போகும். எடைமேடை முன்வாசலில். அலுவலகம் எதிர்க்கோடியில். எடைச்சீட்டு மேடையிலிருந்து அலுவலகத்துக்குக் கணினி வழியாகப் போகும் என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வரும்வரை அமலராணி கொண்டுபோனாள். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது நடை, லாரிகளுக்கு நடுவே. அந்த வளாகத்தில் நடப்பதையே வேலையாகக் கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான்.

விழுந்தவளைத் தூக்கிவிட்டவர் கருப்புசாமி. லோடுமேன். ஐம்பத்தெட்டு வயது. பறந்துபோன சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டால் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"அடி பட்டுச்சா தாயி?"

"இல்லண்ணே. தோள்ல லேசா ஒரசுச்சு."

"லேசாத்தான் ஆரம்பிக்கும்" என்றார் கருப்புசாமி. "செத்த நேரம் ஒக்காரு. சீட்டு எங்கயும் ஓடிப் போயிறாது."

அமலராணி உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள். நடக்கிறவர்களுக்கு ஓரமாக ஒரு பாதை விட வேண்டும், பாதைக்கும் லாரிக்கும் நடுவில் இரும்புக் கம்பி நட வேண்டும், லாரி பின்னால் வரும்போது ஓர் ஆள் நின்று பார்க்க வேண்டும். மூன்றே வரி. கீழே பெயர் எழுதி யோசனைப் பெட்டியில் போட்டாள்.

அந்தப் பெட்டி நான்கு வருடமாகத் திறக்கப்படவில்லை. சாவி, மாற்றலாகிப் போன ஒரு மேலாளரிடம் இருந்தது. ஆனால் தலைமை அலுவலகம் அந்த மாதம்தான் பாதுகாப்பு ஆண்டை அறிவித்திருந்தது. அறிவிப்பில் ஊழியர்களின் யோசனைகளை இணைத்து அனுப்பும்படி ஒரு வரி இருந்தது. மேலாளர் ரொனால்டு பூட்டை உடைக்கச் செய்தார். உள்ளே இரண்டு பாக்குப் பொட்டலமும், காய்ந்துபோன ஒரு பல்லியும், அமலராணியின் தாளும் இருந்தன. ரொனால்டு கெட்ட மனிதர் அல்ல. தன்னிடம் கடைசியாகப் பேசியவர் சொன்னதை நம்புகிறவர், அவ்வளவுதான். தாளை அனுப்பி வைத்தார்.

இருபதாவது நாள் தாளுக்குப் பதிலாகத் தலைமை அலுவலகத்திலிருந்து முகேஷ்குமார் வந்து இறங்கினார். கூடவே இரண்டு உதவியாளர்கள், மூன்று மடிக்கணினிகள், 'பாதசாரிப் பாதுகாப்புப் பிரிவு' என்று எழுதிய பலகை ஒன்று. பலகையை மாட்ட இடம் வேண்டும் என்பதற்காக, லோடுமேன்கள் சாப்பிடுகிற கொட்டகையை அந்தப் பிரிவுக்குக் கொடுத்தார்கள். லோடுமேன்கள் அதுமுதல் நின்றிருக்கும் லாரிகளின் நிழலில் சாப்பிட்டார்கள்.

முதல் கூட்டத்தில் முகேஷ்குமார் பேசினார். இனிமையான குரல், யாரையும் அதட்டாதவர்.

"எல்லாரும் வாகனத்தைத்தான் குறை சொல்றாங்க. அது பழைய பார்வை. லாரி எங்க இருக்கும்னு நமக்குத் தெரியும். அதுக்கு நம்பர் இருக்கு, பெர்மிட் இருக்கு, ஜி.பி.எஸ். இருக்கு. நடக்கிறவங்களுக்கு என்ன இருக்கு? நான் மூணு நாளா எண்ணிப் பார்த்தேன். இருநூத்திப் பதினோரு பேர் எந்த ஆவணமும் இல்லாம இந்த வளாகத்துல நடந்துக்கிட்டிருக்காங்க. இத்தனை வருஷமா இதை யாருமே தடுக்கலைங்கிறதை நினைச்சா எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது."

அமலராணி எழுந்தாள். "சார், ரெண்டு பக்கமும் கம்பி நட்டு ஒரு பாதை விட்டாப் போதும்ல சார்?"

"நல்ல கேள்வி மேடம். ஆனா கம்பி நட்டா லாரி அதுல இடிச்சிடும். லாரிக்குச் சேதம் ஆகும்."

"ஆள இடிச்சா சார்?"

"லாரிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் முகேஷ்குமார், அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

ரொனால்டு தலையை ஆட்டினார். முகேஷ்குமார்தான் கடைசியாகப் பேசியிருந்தார்.

மறுவாரம் நடைத் தகுதித் தேர்வு தொடங்கியது. கொட்டகைக்குள் ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். தேறியவருக்கு மாட்டிக்கொள்ளப் பச்சைக் கோட்டு, நடக்கலாம். தேறாதவருக்குச் சிவப்புக் கோட்டு, நடக்கக் கூடாது. தேர்வு நடக்கிறபோது, பின்னோக்கி வரும் லாரிகள் எழுப்புகிற எச்சரிக்கைச் சத்தம் இடைஞ்சலாக இருப்பதாக உதவியாளர்கள் சொன்னார்கள். வளாகத்துக்குள் நுழையும் வண்டிகள் அந்த ஒலியைத் துண்டித்துவிட வேண்டும் என்று அன்று மாலையே சுற்றறிக்கை போயிற்று. அதன் பிறகு தளத்தில் ஒரு மாதிரியான அமைதி. முதுகுக்குப் பின்னால் லாரி வருவது, அதன் நிழல் காலில் விழும்போதுதான் தெரியும். உச்சி வெயிலில் அந்த நிழலும் கிடையாது.

கருப்புசாமி தேறவில்லை.

"நீங்க நடந்து போறப்ப எதிர்ல லாரி வருது. என்ன செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஒதுங்குவேன்" என்றாராம் இவர்.

"தவறு. முதல்ல எச்சரிக்கைப் படிவம் மூணை நிரப்பணும்."

"அதுக்குள்ள லாரி வந்துருமே அப்பு?"

"அதனாலதான் சீக்கிரம் நிரப்பப் பயிற்சி தர்றோம்."

அமலராணிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அவள் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். கேட்பவர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பச்சைக் கோட்டோடு 'பாதசாரித் தோழி' என்ற பட்டையும் குத்தினார்கள். இனி எல்லா நடை விவகாரங்களிலும் சாட்சிக் கையெழுத்து அவளுடையது என்றார்கள். அவளுக்கு அது பெருமையாகவே இருந்தது. வீட்டில் கணவன் பாஸ்கலிடம் அந்தப் பட்டையைக் காட்டினாள். பாஸ்கல் பள்ளிக்கூட எழுத்தர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்துன்னா பாத்துப் போடு ராணி" என்று மட்டும் சொன்னார்.

தொண்ணூற்றுச் சொச்சம் லோடுமேன்களில் எண்பது பேருக்குச் சிவப்பு. நடக்கக் கூடாதவர்களை ஏற்றி இறக்க ஆறு பேட்டரி வண்டிகள் வந்தன. நடப்பவர்களை வண்டிகளிடமிருந்து காப்பாற்ற மேலும் ஆறு வண்டிகள் அந்தத் தளத்தில் ஓடத் தொடங்கின. லாரிக்கும் கிடங்குக்கும் இடையே எட்டே எட்டுக் காலடித் தூரம். அதற்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பேட்டரி வண்டிக்குக் காத்திருந்தார்கள் லோடுமேன்கள். இரண்டே நாளில் வெளியே நான்குவழிச்சாலை வரைக்கும் லாரிகள் வரிசைகட்டின. மூன்றாம் நாள் முகேஷ்குமார் ஒரு விளக்கம் வெளியிட்டார். மூட்டையோடு நகர்கிறவர் நடப்பவர் ஆகமாட்டார். அவர் சரக்குப் போக்குவரத்தின் பகுதி. வெறுங்கையோடு திரும்பும்போது மட்டுமே அவர் பாதசாரி.

ஆகவே லோடுமேன்கள் போகலாம், வரக் கூடாது. கருப்புசாமி அதற்கும் வழி கண்டுபிடித்தார். திரும்பும்போது ஒரு காலிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, கண்ணை மறைக்கிற சாக்குகளைப் போட்டுக்கொண்டு, சத்தம் இல்லாமல் பின்னோக்கி வரும் லாரிகளுக்கு நடுவே அத்தனை பேரும் குறுக்கும் நெடுக்குமாகப் போய் வந்தார்கள். அலுவலக மாடியிலிருந்து அதைப் பார்த்த முகேஷ்குமார், "பாதசாரிகள் எண்பது சதவீதம் குறைஞ்சிருக்காங்க" என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.

பாதையும் வந்தது. அமலராணி கேட்டது வந்துவிட்டது என்று ரொனால்டே அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். பளிச்சென்று பச்சை பூசி, நடுநடுவே வெள்ளைக் காலடிகள் வரைந்திருந்தது. எடைமேடையில் தொடங்கி, முதல் கிடங்கின் பின்புறமாக வளைந்து, நான்குவழிச்சாலைப் பக்கத்து மதிலில் போய் முட்டி நின்றது.

"சார், இது எங்கயும் போகலையே?"

முகேஷ்குமார்தான் பதில் சொன்னார். "மேடம், பாதை லாரி வராத இடமா இருக்கணும்கிறது விதி. நானும் வளாகம் முழுக்கத் தேடினேன். எங்கெல்லாம் ஆளுங்களுக்கு வேலை இருக்கோ அங்கெல்லாம் லாரியும் வருது. யாருக்கும் எந்த வேலையும் இல்லாத இடம் இது ஒண்ணுதான் கிடைச்சுது."

அந்தப் பாதையில் ஆய்வாளர்கள் வரும் நாட்களில் மட்டும் நடந்தார்கள். மதில்வரைக்கும் போய்த் திரும்புவார்கள். பாதையில் இதுவரை ஒரு விபத்தும் இல்லை என்று அறிக்கையில் எழுதப்பட்டது. அது உண்மை.

ஆவணியில் சண்முகவள்ளிக்குக் கால் போயிற்று. தளத்தைக் கூட்டுகிறவள் அவள். சிந்திய வெங்காயத்தைக் குந்தி உட்கார்ந்து வாரிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு லாரி வந்தது. சத்தம் கேட்கவில்லை. அமலராணி இருபது அடி தள்ளி நின்றிருந்தாள். கத்தினாள். கத்தியது ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. அய்யனார் என்கிற வேறொரு லாரி ஓட்டுநர் ஓடிப்போய்க் கதவைத் தட்டிய பிறகுதான் லாரி நின்றது. அவரே தன் வண்டியில் சண்முகவள்ளியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. சம்பவ நேரத்தில் சண்முகவள்ளி நடக்கவில்லை, நிற்கவும் இல்லை. எனவே பாதசாரி ஆகமாட்டார். அவருக்காக 'தரைமட்டத்தில் இருந்தவர்' என்று புதிதாகத் தனிக் கோப்பு ஒன்று திறந்தார்கள். படிவத்தில் பாதசாரி விபத்து என்ற கட்டமும், விபத்துப் பதிவேடும் காலியாகவே இருந்தன. சாட்சிக் கையெழுத்துக்கு அமலராணியைக் கூப்பிட்டார்கள்.

"போட்டுருங்கம்மா" என்றார் ரொனால்டு. அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "கோப்பு முடிஞ்சாத்தான் ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்ய முடியும். அந்தப் பொம்பளைக்காகப் போடுங்க."

அமலராணி போட்டாள். போட்ட பிறகுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். வளாகத்தில் ஆபத்து இருக்கிறது என்பதை எழுத்துமூலம் முதலில் அறிந்திருந்தவர் அமலராணி என்றும், அறிந்திருந்தும் ஏழு மாதமாக அங்கேயே நடந்து பிறருக்குத் தவறான முன்னுதாரணம் ஆகிவிட்டார் என்றும், இது முதல் எச்சரிக்கை என்றும் அங்கே இருந்தது. இணைப்பாக அவளுடைய மூன்றுவரித் தாளின் நகல்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கினாள். சண்முகவள்ளி விழித்திருந்தாள். "நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சுக்கா" என்றாள். "என்னைன்னுதான் தெரியல." அமலராணியால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

கார்த்திகையில் மாநில அளவிலான விருது ஒன்று அறிவிக்கப்பட்டது. பாதசாரி விபத்தே நேராத வளாகத்துக்கு வெள்ளிக் கேடயம். முகேஷ்குமார் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் முகமெல்லாம் மலர்ச்சியோடு வந்தார்.

"இவ்வளவு நாள் தப்பான பக்கத்திலேர்ந்து பார்த்துட்டோம் சார். விபத்தைக் குறைக்கிறது கஷ்டம். பாதசாரியைக் குறைக்கிறது சுலபம்."

பச்சைப் பாதை முட்டி நின்ற இடத்தில் மதிலை இடித்துக் கதவு வைத்தார்கள். எதிர்க்கோடியில், அலுவலகத்துக்குப் பக்கத்தில், இன்னொரு கதவு. மறுநாளிலிருந்து மூட்டை சுமக்காத யாரும் தளத்தில் நடக்கக் கூடாது, காலிச்சாக்கும் செல்லாது. முதல் கதவு வழியாக வெளியேறி, நான்குவழிச்சாலையின் ஓரமாகவே நடந்து, இரண்டாம் கதவு வழியாக உள்ளே வர வேண்டும். மதிலுக்கு வெளியே இருக்கிறவர் வளாகத்தின் பாதசாரி ஆகமாட்டார்.

"அங்க வண்டியெல்லாம் பறக்குமே சார்" என்றாள் அமலராணி.

"ஆமாம் மேடம், ரொம்ப ஆபத்தான இடம்" என்று முகேஷ்குமார் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். "நல்லவேளை, அது நம்ம இடம் இல்லை."

விருது விழா தளத்தின் நடுவிலேயே நடந்தது. பந்தல், கம்பளம், ரோஜாமாலை. ஊழியர்கள் உள்ளே வந்தால் கணக்குத் தவறிவிடும் என்று மதிலுக்கு வெளியே, சாலையோரத்தில் நிற்க வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கி ஒன்றை அவர்கள் பக்கமும் திருப்பி வைக்கச் சொன்னவர் ரொனால்டு. பின்னால் பேருந்துகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, இருநூறு பேரும் மதிலைப் பார்த்து நின்றபடி சிறப்பு விருந்தினரின் உரையைக் கேட்டார்கள்.

"நான் எத்தனையோ வளாகங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே குறை. மனிதர்கள் குறுக்கே வந்துகொண்டே இருப்பார்கள். இங்கேதான் முதல் முறையாக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மனிதர்கூட இல்லாமல் பார்க்கிறேன். என் நெஞ்சு நிறைந்துவிட்டது."

உள்ளே நாலைந்து பேர் கைதட்டுகிற சத்தம் கேட்டது. கருப்புசாமி தலையிலிருந்த சாக்கை எடுத்து உதறினார்.

"நம்மள அம்புட்டுப் பேரையும் ஒழிச்சதுக்குத்தான தாயி கேடயம் குடுக்குறாக?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார்.

பதினேழு நாள் அப்படி நடந்தார்கள். மதிலுக்கும் சாலையின் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே ஓர் ஆள் போகலாம். எதிரே இன்னோர் ஆள் வந்தால் ஒருவர் மதிலில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். பெரிய கண்டெய்னர் லாரிகள் கடந்து போகும்போது ஒரு கணம் காற்று ஆளைச் சாலைப் பக்கமாக இழுக்கும். அமலராணி எடைச்சீட்டுகளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, இடது கையால் மதிலைத் தடவியபடியே நடந்தாள். நாலைந்து நாளில் உள்ளங்கைத் தோல் தேய்ந்துபோயிற்று. ஒவ்வொரு நடையிலும் இன்றைக்கு யார் என்ற எண்ணம் வரும். அதற்குச் செபம் சொல்லிப் பார்த்தாள். செபம் பாதியில் இருக்கும்போதே ஏதாவது ஒரு ஹாரன் அடிக்கும்.

பதினெட்டாம் நாள் காலை பத்தேமுக்காலுக்குக் கருப்புசாமி. அமலராணி அவருக்குப் பின்னால் பத்தடியில் வந்துகொண்டிருந்தாள். அவர் இரண்டாம் கதவை எட்டிவிட்டார். தள்ளித் திறந்தார். அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி, "வா தாயி" என்றார். வெள்ளை நிறக் கார் ஒன்று இன்னொரு காரை இடப்பக்கமாக முந்திக்கொண்டு வந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கார் நிற்கவில்லை.

அவள் எட்டும்போது அவர் கதவு நிலையில் குறுக்கே கிடந்தார். கண் திறந்திருந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அண்ணே என்று கூப்பிட்டாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். கதவின் கைப்பிடியை அவர் இன்னும் விடவில்லை.

விசாரணை மறுநாளே கூடியது. முகேஷ்குமார், ரொனால்டு, சாலையைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரர்களின் ஆள் ஒருவர். மூன்று பேரும் அளவுநாடாவோடு கதவடிக்குப் போனார்கள்.

"தலை உங்க பக்கம் இருந்திருக்கு" என்றார் சாலைக்காரர்.

"கால் உங்க பக்கம் சார். நடக்கிறது காலாலதான?" என்றார் முகேஷ்குமார்.

இரண்டு பேரும் வரைபடங்களை விரித்தார்கள். வளாகத்தின் எல்லை மதிலின் உட்புறம் முடிகிறது. சாலையின் எல்லை மதிலுக்கு முக்கால் அடி தள்ளித் தொடங்குகிறது. மதிலின் கனத்தையும் சேர்த்தால், நடுவில் ஒன்றரை அடி அகலத்துக்கு எந்த வரைபடத்திலும் வராத ஒரு துண்டு நிலம். கருப்புசாமியின் இடுப்பு அதில்தான் இருந்தது. உடலின் மையம் இடுப்பு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, நிம்மதியாகக் கைகுலுக்கினார்கள். ரொனால்டு எல்லாருக்கும் காபி கொண்டுவரச் சொன்னார்.

அமலராணியைக் கூப்பிட்டார்கள். அலுவலக வாசலில் கருப்புசாமியின் மகள் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். நிறுவனம் எழுதிக் கொடுக்கிறதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு எதுவும் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். அதை வாங்கிப் போக வந்திருந்தாள்.

"அத்தை" என்றாள். "அப்பா எங்கயோ சுத்தப் போன எடத்துல அடிபட்டாருன்னு சொல்றாக. அப்படி இருக்குமா? வேலையிலதான இருந்தாரு?"

"இரு, வாரேன்" என்றாள் அமலராணி.

தாளில் ஒரே வாக்கியம் இருந்தது. 'உரிமையாளர் இல்லாத நிலத்தில், அடையாளம் தெரியாத வாகனத்தால், பாதசாரி அல்லாத ஒருவருக்கு நேர்ந்த நிகழ்வு.' கீழே சாட்சி என்று போட்டு அவள் பெயர்.

"சார், பேரு எங்க?"

"யார் பேரு மேடம்?"

"செத்தவரு பேரு. கருப்புசாமி."

"பேரைப் போட்டா அவர் நம்ம ஊழியர்னு அர்த்தம் வந்துடும்."

"ஊழியர்தான? உங்க கதவத் தெறந்துக்கிட்டு உங்க வேலைக்கு வந்தாரு. நடந்து வந்தாரு சார். நான் பின்னாலயே வந்தேன். பாதசாரின்னு எழுதுங்க."

முகேஷ்குமார் பொறுமையாகப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "எழுதணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா போன மாசத்துப் படிவத்துலேர்ந்து அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம். பாதசாரியே இல்லாத வளாகத்துக்கு அந்தக் கட்டம் எதுக்கு? இல்லாத கட்டத்துல நான் எப்படி எழுதறது?"

"அம்மா, போட்டுருங்கம்மா" என்றார் ரொனால்டு. "அந்தப் பொண்ணுக்காகப் போடுங்க."

ஆவணியிலும் இதே குரலில்தான் சொன்னார். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் அவர் ஏமாற்றிவிட்டார் என்று அமலராணி நினைத்திருந்தாள். இப்போது அவர் கண்ணைப் பார்த்தாள். ஏமாற்றவில்லை, நம்பித்தான் சொல்கிறார்.

பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டு, தாளின் வெற்று ஓரத்தில், பள்ளிக்கூடத்தில் எழுதுவதைப்போல ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். 'லோடுமேன் கருப்புசாமி வேலைக்கு நடந்து வந்தார். இவர்கள் வைத்த கதவில் செத்தார். நான் பார்த்தேன். அமலராணி.' பிறகு யோசித்து, அதன் கீழே, 'சண்முகவள்ளி விசயத்தில் நான் போட்ட கையெழுத்து பொய்' என்றும் எழுதினாள்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

"மேடம், அது அலுவலக ஆவணம்" என்றார் முகேஷ்குமார். இப்போதும் அவர் அதட்டவில்லை.

வெளியே வந்து சுகன்யாவின் கையைப் பிடித்தாள். "வா, ஸ்டேசனுக்குப் போவோம்."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற பேருந்து முன்வாசலுக்கு வெளியேதான் நிற்கும். சுகன்யா மதில் கதவைப் பார்த்தாள். நிலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அவள் கால் நகரவில்லை.

"அது வேணாம். இப்படி வா" என்று சொல்லி, அமலராணி தளத்தில் இறங்கினாள்.

நடுவிலே நடந்தார்கள். பச்சைக் கோட்டைக் கழற்றிப் படிக்கட்டிலேயே போட்டிருந்தாள். இடதும் வலதும் லாரிகள். அத்தனையும் பின்னோக்கி வருவதற்காகத் திரும்பி நின்றன. எதிலும் யார் முகமும் தெரியவில்லை. மூன்றாம் கிடங்கின் பக்கமிருந்து ஒன்று சத்தமில்லாமல் நகர ஆரம்பித்தது. சுகன்யா அவள் கையை இறுக்கினாள். ஓடலாமா என்று அமலராணிக்குத் தோன்றியது. ஓடவில்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் இன்னொன்று இருந்தது.

அதை முதலில் பார்த்தது அய்யனார்தான். தன் வண்டியை அப்படியே அணைத்துவிட்டுக் குதித்து, நகர்கிற லாரியின் பின்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஏலே, நிறுத்துறா! ஆளுக போறாக!" என்று கத்தினார். அந்த லாரி நின்றது. அடுத்ததும் அணைந்தது. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தங்கள் வண்டிகளின் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். லோடுமேன்கள் மூட்டைகளைக் கீழே போட்டார்கள். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அந்தத் தளத்தில் எந்த இன்ஜினும் ஓடவில்லை. அமலராணிக்குத் தன் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்தில் சுகன்யா அழுவதும் கேட்டது.

முன்வாசலைத் தாண்டி அவர்கள் சாலைக்குப் போய்ச் சேரும்வரை ஒருவரும் வண்டியை எடுக்கவில்லை.

மாடி ஜன்னலில் நின்றிருந்த முகேஷ்குமாரின் முகம் வெளிறிப்போயிற்று. பாதுகாப்புப் பிரிவு தொடங்கியதிலிருந்து அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை என்று உதவியாளர்கள் சொன்னார்கள். விபத்துப் பதிவேட்டை எடுத்து, வெற்றாகக் கிடந்த முதல் பக்கத்தைத் திறந்து, தேதி போட்டு எழுதினார்: 'முற்பகல் பதினொன்று இருபதுக்கு, வளாகத்தின் முப்பத்தெட்டு வாகனங்களும் ஒன்பது நிமிடம் நின்றுபோயின.' திருமுடி சரக்குப் பூங்காவில் பதிவான முதல் விபத்து அதுதான்.